‘ஆம்’ என்று அழுத்தப் பழகிய தேசம்

2014 மார்ச்சில் தென் கொரிய அதிபர் பார்க் கியூன் ஹே, அரசு விதிமுறைகளைத் தளர்த்துவது பற்றி ஒரு கூட்டம் நடத்தினார். பல மணி நேரம் நீண்ட அந்தக் கூட்டம் தொலைக்காட்சியில் நேரலையாகப் போனது. அதில் அவர் எடுத்துப் பேசியவற்றுள் ஒன்று, ஒரு பெண்கள் கோட்டு. ‘மை லவ் ஃப்ரம் த ஸ்டார்’ என்ற கொரியத் தொடருக்குச் சீனாவே பித்துப்பிடித்துக் கிடந்த நேரம் அது. கதாநாயகி போட்டுவந்த கோட்டை வாங்கச் சீன ரசிகைகள் கொரியக் கடைகளின் இணையதளங்களுக்கு வந்தார்கள்; பார்த்தார்கள்; வாங்க முடியாமல் போய்விட்டார்கள். கடையில் சரக்கு இருந்தது, வந்தவர்களிடம் பணமும் இருந்தது. ஆனால் பணம் கட்டும் பக்கம் ‘ஆக்டிவ்எக்ஸ்’ நிரலை நிறுவச் சொன்னது; அரசு அங்கீகரித்த டிஜிட்டல் சான்றிதழைக் காட்டச் சொன்னது. பெய்ஜிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

வேகமான இணையத்துக்குப் பேர்போன நாடு கொரியா. அந்த நாட்டின் வங்கிகளும் கடைகளும் அரசு அலுவலகங்களும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே உலாவிக்குள் அடைபட்டுக் கிடந்தன. மைக்ரோசாஃப்ட் யாரையும் பிடித்து அடைத்துவைக்கவில்லை. பாதுகாப்பின் பேரால் கொரியாவே உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டது.

மென்பொருள் தளம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது ‘இது பாதுகாப்பானதா?’ என்று பாதுகாப்புப் பிரிவு கேட்கும். ‘இதைச் செய்த கம்பெனியை விட்டு நாளைக்கு விலக முடியுமா?’ என்று, கேட்டால், கொள்முதல் பிரிவு கேட்கும். இரண்டு கோப்புகளும் வேறு வேறு மேசைகளில் நகரும். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். அதற்கு இருபது ஆண்டுக் கொரிய அனுபவத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையில் முட்டாள்கள் யாரும் இல்லை என்பது அதன் கூடுதல் சிறப்பு. ஒவ்வொரு முடிவும் எடுக்கப்பட்ட நேரத்தில் நியாயமாகவே இருந்தது.

1990-களில் குறியாக்கத் தொழில்நுட்பத்தை அமெரிக்கா ஆயுதங்களுக்கு இணையாகப் பார்த்தது. உள்நாட்டு உலாவிகளில் 128 பிட் குறியாக்கம் இருக்கும். வெளிநாட்டுக்குப் போகும் பதிப்பில் 40 பிட்தான். 40 பிட் என்றால் சாத்தியமான சாவிகள் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி. கேட்க மலைப்பாக இருக்கும், கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. 1997 ஜனவரியில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயன் கோல்ட்பெர்க், சுமார் 250 கணினிகளை ஒன்றாக ஓடவிட்டு, மூன்றரை மணி நேரத்தில் ஒரு 40 பிட் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினார். ஒரு பிட் கூடினால் தேடும் வேலை இரட்டிப்பாகும். 128 பிட்டுக்கு வரும்போது சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண் ஆகிவிடுகிறது. அதை இப்படித் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இணையத்தில் வங்கி நடத்த விரும்பும் நாடு இந்த 40 பிட்டை நம்பி எப்படி இறங்கும்? கொரியத் தகவல் பாதுகாப்பு முகமை சொந்தமாக ஒரு 128 பிட் குறியாக்க முறையை உருவாக்கியது. பெயர் ‘சீட்’. தரமான வேலை; பின்னாளில், 2005-ல், இணையத்தின் பொதுப் பாதுகாப்புத் தரமான டிஎல்எஸ்-ஸிலும் அது சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஆனால் 1999-ல் ஒரு சிக்கல் இருந்தது. உலகத்தின் எந்த உலாவிக்கும் சீட் தெரியாது. உலாவிக்குத் தெரியாத ஒன்றைச் செய்ய வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு நிரலை அதற்குள் செருக வேண்டும். நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒரு செருகுநிரல், எக்ஸ்ப்ளோரருக்கு ஆக்டிவ்எக்ஸ் என்று முதலில் இரண்டுமே இருந்தன. நெட்ஸ்கேப் செத்தது. ஆக்டிவ்எக்ஸ் மட்டும் மிஞ்சியது.

2000 ஜனவரியில் அமெரிக்கா தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. சீட் செருகுநிரலுக்கு இருந்த காரணம் அதோடு போயிற்று. ஏற்பாடு மட்டும் இருபது ஆண்டு நின்றது.

ஆக்டிவ்எக்ஸ் எப்படிப்பட்ட ஆசாமி என்று இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1990-களின் நடுவில், வலைப்பக்கம் வெறும் எழுத்தும் படமுமாக இல்லாமல் நிரல்களையும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்தது. அதற்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. சன் நிறுவனத்தின் ஜாவா ஆப்லெட், வந்த விருந்தாளியைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசி அனுப்பும் ரகம். உங்கள் கோப்புகளைத் தொட முடியாது, வேறு நிரல்களை ஓட்ட முடியாது. 1996-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஆக்டிவ்எக்ஸோ, வாசலில் பெயரைக் கேட்டுவிட்டுச் சாவிக்கொத்தையே கையில் கொடுத்துவிடும் ரகம். அது விண்டோஸில் நேரடியாக ஓடும் முழு நிரல். கணினி முன்னால் இருப்பவர் என்னவெல்லாம் செய்ய முடியுமோ, அதையெல்லாம் அதுவும் செய்யலாம்.

பாதுகாப்புக்கு என்று மைக்ரோசாஃப்ட் வைத்தது டிஜிட்டல் கையொப்பம். நிரலை எழுதியவர் கையொப்பமிடுவார். உலாவி அந்தப் பெயரைக் காட்டி, ‘நிறுவலாமா?’ என்று கேட்கும். நிரலை எழுதியது யார் என்பது இதிலிருந்து தெரியும். அது என்ன செய்யும் என்பது தெரியாது. 1996-லேயே ஃபிரெட் மெக்லைன் என்ற நிரலாளர் இதை வேடிக்கையாக நிரூபித்தார். பக்கத்தைத் திறந்தால் விண்டோஸ் 95-ஐ ஒழுங்காக மூடிக் கணினியையே அணைத்துவிடும் ஓர் ஆக்டிவ்எக்ஸ் நிரலை எழுதி, அதற்கு முறைப்படி, சான்றிதழ் வழங்கும் நிறுவனமான வெரிசைனின் சான்றிதழோடு கையொப்பமும் இட்டார். 1997 தொடக்கத்தில் ஹாம்பர்க்கின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் இன்னும் ஒரு படி போனது. கணினியில் உள்ள ‘குவிக்கன்’ என்ற வரவு செலவுக் கணக்கு நிரலுக்குள் புகுந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு பணப் பரிமாற்ற உத்தரவைச் சேர்த்துவிடும் ஆக்டிவ்எக்ஸ் நிரலை ஜெர்மானியத் தொலைக்காட்சியில் ஓட்டிக் காட்டினார்கள். கொரிய வங்கிகள் இணையத்துக்கு வருவதற்கு முன்பே நடந்தவை இவை.

ஆக, குறியாக்கம் பலவீனம் என்று கவலைப்பட்டு, அந்தக் குறியாக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டியாக அன்றைய இணையத்தின் ஆபத்தான தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பியில் போகும் தகவல் பத்திரமானது. கம்பியின் நுனியில் இருந்த கணினி திறந்துகிடந்தது.

1999-ல் வந்த மின்னணுக் கையொப்பச் சட்டம் இதற்குமேல் இன்னொரு அடுக்கைக் கட்டியது. குடிமக்கள் ‘அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ்’ ஒன்றைப் பெற்று, வங்கி வேலைக்கும் வரி கட்டவும், ஒரு தொகைக்கு மேல் பொருள் வாங்கவும் அதைக் காட்ட வேண்டும். கருத்து நல்ல கருத்துதான். ஆனால் சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் பலருடைய கணினியில் ‘என்பிகேஐ’ என்ற ஃபோல்டரில் சாதாரணக் கோப்புகளாகக் கிடந்தன. நகலெடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். மக்கள் அப்படித்தான் செய்தார்கள். நாட்டில் எல்லோருக்கும் ஒரே பெயரில் ஃபோல்டர் என்றால் திருடவருபவர் தேட வேண்டிய அவசியமே இல்லை. அதை அள்ளிக்கொண்டு போவதற்கென்றே தீநிரல்கள் எழுதப்பட்டன.

அதைத் தடுக்க விசைப்பலகைப் பாதுகாப்பு நிரல். அதோடு ஒரு தீச்சுவர். பிறகு வைரஸ் தடுப்பு. ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு கம்பெனியின் சரக்கை நிறுவச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ‘நிறுவலாமா?’ என்ற கேள்வி வரும். ‘ஆம்’ அழுத்தாவிட்டால் அடுத்த பக்கம் வராது. அந்தக் கேள்விதான் ஆக்டிவ்எக்ஸின் ஒரே பாதுகாப்பு அரண் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு தேசம் முழுவதையும், பல ஆண்டுகளாக, படிக்காமலே ‘ஆம்’ அழுத்தப் பழக்கினால் அந்த அரணில் என்ன மிஞ்சும்? தீநிரல் எழுதுபவரும் அதே கேள்வியை அதே தோரணையில் கேட்டார். மக்கள் அதே பழக்கத்தில் அழுத்தினார்கள்.

வங்கிகள் ஏன் இதை விடவில்லை? பொறுப்பு யார் தலையில் என்பதில் இருக்கிறது பதில். ஒழுங்குமுறை அதிகாரிகள் ‘மோசடியைக் குறையுங்கள், எப்படிச் செய்வீர்களோ அது உங்கள் பாடு’ என்று சொல்லவில்லை. இன்ன இன்ன கருவிகளை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். வைத்துவிட்டால் வங்கி தன் கடமையை முடித்துவிட்டது. சான்றிதழும் கடவுச்சொல்லும் பயன்பட்டிருந்தால், அது வாடிக்கையாளரே செய்த பரிவர்த்தனை என்று வாதாடவும் வசதி. அந்தக் கருவிகளை விற்கும் தொழில் ஒன்று உள்நாட்டிலேயே வளர்ந்து நின்றது. பாதுகாப்பு என்ற பெயரில் எல்லோரும் வாங்கியது பெரும்பாலும் ஒரு ரசீதைத்தான்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிக சுவாரஸ்யமாகப் படுகிறது. மைக்ரோசாஃப்டுக்கே ஆக்டிவ்எக்ஸ் ஒரு தலைவலி என்பது சீக்கிரம் விளங்கிவிட்டது. 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தபோது, ஆக்டிவ்எக்ஸ் நிரல்களைத் தானாக நிறுவவிடாமல் உலாவியின் மேல்பகுதியில் ஒரு பட்டை தடுத்தது. கொரியத் தளங்கள் தடுமாறின. 2007 தொடக்கத்தில் விஸ்டா வந்தது. உலாவிக்குள் ஓடும் நிரல்களின் அதிகாரத்தை அது வெட்டியது. பாதுகாப்பு நோக்கில் விஸ்டாவின் நல்ல அம்சம் அதுதான். விளைவு, வங்கித் தளங்கள் விஸ்டாவில் வேலை செய்யாது, கொஞ்ச நாள் பொறுத்திருங்கள் என்று கொரிய அரசே மக்களை எச்சரிக்க வேண்டிவந்தது. தளத்தைச் செய்த கம்பெனி அதைப் பாதுகாப்பாக்கும் ஒவ்வொரு முறையும், அந்தத் தளத்தின் மேல் கட்டிய ‘தேசியப் பாதுகாப்பு’ உடைந்தது. பழைய, பலவீனமான வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கொரியாவுக்குத் தேவையாகிப்போனது. ஒருவரையே நம்பி இருப்பதும் பாதுகாப்புக் குறைவும் ஒரே நோய் என்று நான் சொல்வது இதைத்தான்.

சில நேரம் அடி மைக்ரோசாஃப்டிடமிருந்துகூட வரவில்லை. ‘இயோலாஸ்’ என்ற சிறு நிறுவனமும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும், உலாவிக்குள் வெளி நிரல்களை ஓட்டுவது தங்கள் காப்புரிமை என்று வழக்குப் போட்டன. 2003-ல் அமெரிக்க ஜூரி மைக்ரோசாஃப்டுக்கு எதிராக 52 கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பளித்தது. அந்தச் சிக்கலைத் தவிர்க்க 2006-ல் மைக்ரோசாஃப்ட், பக்கத்தில் உள்ள ஆக்டிவ்எக்ஸ் நிரல் ஒவ்வொன்றையும் பயனர் ஒருமுறை சொடுக்கினால்தான் இயங்கும் என்று மாற்றியது. அமெரிக்காவில் இரு தரப்பு போட்டுக்கொண்ட வழக்குக்காக, அந்த வழக்கில் எந்தச் சம்பந்தமும் இல்லாத சியோலின் நிரலாளர்கள் தங்கள் பக்கங்களைப் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது.

மேக், லினக்ஸ் வைத்திருந்தவர்களின் நிலை தனிச் சோகம். கொரியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிம் கி சாங், ‘ஓப்பன் வெப்’ என்ற இயக்கத்தை நடத்தி, சான்றிதழ் வழங்கும் அமைப்பை எதிர்த்து நீதிமன்றம் போனார். எல்லா உலாவிகளுக்கும் சான்றிதழ் கொடு என்பது கோரிக்கை. 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அதே 2009 நவம்பரில் ஐபோன் கொரியாவில் விற்பனைக்கு வந்தது. அதில் எக்ஸ்ப்ளோரரும் இல்லை, ஆக்டிவ்எக்ஸும் இல்லை. நீதிமன்றத்தில் நகராதது கைப்பேசிக் கடையில் நகரத் தொடங்கியது.

பிறகு கோட்டு, அதிபரின் கூட்டம், விதித் தளர்வுகள். 2015-ல் விண்டோஸ் 10-உடன் வந்த எட்ஜ் உலாவியில் ஆக்டிவ்எக்ஸுக்கு இடமே இல்லை. 2020 டிசம்பர் 10-ல் திருத்திய மின்னணுக் கையொப்பச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழின் தனிச்சலுகை ஒழிந்தது. 2022 ஜூன் 15-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் காலமும் முடிந்தது. கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஆக்டிவ்எக்ஸ் போன இடத்தில், தரவிறக்கி நிறுவும் சாதாரண விண்டோஸ் நிரல்கள் வந்து உட்கார்ந்தன. இன்றைய உலாவி அவற்றைத் தனக்குள் விடாது. அதனால் அவை வேறு வழி பிடித்தன. உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு குட்டிச் சர்வரை ஓடவிட்டுக் காத்திருக்கும். வங்கிப் பக்கம் உலாவியிலிருந்து அந்தச் சர்வரோடு பேசும். வங்கிப் பக்கம் பேச முடியும் என்றால், நீங்கள் திறக்கும் வேறெந்தப் பக்கமும் பேச முயலலாம். ஆட்பிளாக் பிளஸ் நிரலை உருவாக்கிய விளாடிமிர் பலாண்ட் இவற்றை ஆராய்ந்து 2023 ஜனவரியிலிருந்து வரிசையாக வெளியிட்டார். விசைப்பலகையில் தட்டுவதைத் திருடர்களிடமிருந்து காக்க என்று நிறுவப்படும் ‘டச்என் என்எக்ஸ்கீ’ நிரலையே, தட்டுவதைத் திருடும் கருவியாக மாற்ற முடியும் என்பது அவர் காட்டியவற்றுள் ஒன்று. அதே ஆண்டு மார்ச்சில் கொரிய உளவுத்துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. இணைய வங்கிக்கான சான்றிதழ் மென்பொருள் ஒன்றின் ஓட்டையை வட கொரிய ஊடுருவிகள் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது ஒரு கோடிக்கும் மேற்பட்ட கணினிகளில் இருக்கிறது. 2025-ல் கேய்ஸ்ட் உள்ளிட்ட கொரிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 7 நிரல்களைப் பிரித்துப் பார்த்து 19 ஓட்டைகளைக் கண்டார்கள்.

நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு இந்தக் கணினிக்குள் சர்வர் ஏற்பாடு புதிதல்ல. டிஜிட்டல் கையொப்பத்தை இங்கே முதலில் ஜாவா ஆப்லெட் வழியாகத்தான் வாங்கினார்கள். 2015-ல் குரோம் அவ்வகைச் செருகுநிரல்களுக்கான ஆதரவை நிறுத்தியதும் அந்த வழி அடைபட்டது. இப்போது ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட ‘எம்சைனர்’ நிரல் கணினியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வேறுபாடுகளைச் சொல்லியாக வேண்டும். இங்கே ரகசியச் சாவி யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது, கோப்பாக நகலெடுக்க முடியாது. கம்பெனிகளைத் தவிர்த்த பலருக்கு ஓடிபி வழியும் இருக்கிறது. ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று இருப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். கொரியாவில் இல்லாமல் போனது அதுதான்.

அப்படியானால் திறமூலத் தளங்களை எடுத்துக்கொண்டால் போதுமா என்று கேட்பார்கள். திறமூலத்திலும் ஓட்டைகள் உண்டு. 2014-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூலக் குறியாக்க நிரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ இணையத்தையே உலுக்கியது. ஆனால் அதற்கடுத்த வாரங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அதே நிரலை எடுத்துச் சுத்தம் செய்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்று தனியாகக் கொண்டுபோனார்கள். கூகுள் போரிங்எஸ்எஸ்எல் என்று பிரித்துக்கொண்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பொதுத் தரம் ஒன்று இருந்து, அதை ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று தரப்பு செய்துகொண்டிருந்தால், ஒன்று கெட்டாலும் மற்றொன்றுக்கு மாறலாம். சீட்டும் 2005-ல் டிஎல்எஸ் தரத்துக்குள் வந்தபோது அந்த வாய்ப்பு கொரியாவுக்குக் கிடைத்தது. அதற்குள் விதிகளும் விற்பனையாளர்களும் பழக்கமும் ஆக்டிவ்எக்ஸைச் சுற்றி இறுகிவிட்டிருந்தன.

புதிதாகத் தளம் தேர்ந்தெடுக்கும் நிரலாளர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘நான் என்ன நாட்டுக்கே சட்டம் போடுகிறேனா?’ என்பார். நியாயம்தான். ஆனால் ‘எங்கள் செயலி இந்தக் கம்பெனியின் இந்தப் பதிப்பில் மட்டும் ஓடும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதும்போது, தன் அளவில் அவரும் அதைத்தான் செய்கிறார். ‘பயனர் விவரம் கம்பியில் போகும்போது படிக்க முடியாததாக இருக்க வேண்டும்’ என்று தேவையை எழுதினால் கருவி மாறிக்கொண்டே போகலாம். கருவியின் பெயரையே எழுதிவிட்டால், அதைச் செய்யும் கம்பெனியின் அடுத்த அறிவிப்பு உங்களுக்கும் விதி. வெளிநிரலை எந்த அளவுக்குக் கட்டிப்போட்டு ஓட்டுகிறது என்று தளத்தைக் கேட்கலாம். நாளைக்கே இதன் பாதுகாப்பு இறுக்கப்பட்டால் நம் நிரலில் எது உடையும் என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு வரும் பட்டியல் நீளமாக இருந்தால், தளத்தின் ஓட்டைகளை நம்பித்தான் நம் நிரல் ஓடுகிறது என்று பொருள்.

கொரியாவில் இப்போது ஒரு சிறு இலவச நிரல் பிரபலம். வங்கிகளும் அரசுத் தளங்களும் நிறுவச் சொன்ன பாதுகாப்பு நிரல்களையெல்லாம் தேடிப்பிடித்து ஒரே மூச்சில் நீக்குவதுதான் அதன் வேலை. வங்கி வேலை முடிந்ததும் சிலர் அதை ஓட்டுகிறார்கள். அடுத்த முறை அதே வங்கிப் பக்கத்தைத் திறந்தால் எல்லாவற்றையும் மறுபடி நிறுவச் சொல்கிறது, நிறுவுகிறார்கள்.